எத்தனை மணிக்கு

டாண்டினாங்கில் எங்கள் பள்ளி
இதற்கென்று ஒதுக்கியது ஓவிய அறையை,
செவ்வாய்க்கிழமை, கடைசிப் பாடவேளை.
கைகழுவும் தொட்டியில் குழாய் சொட்டும்.
மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று,
திருத்த யாரும் வரவில்லை.

தலைமையகம் அனுப்பிய தாளில் இருந்த சொல்லை
விழுமியம் என்று மனதுக்குள் பெயர்த்துப் பார்த்தேன்.
தூக்கும்போதே கை நழுவி விழும் கனம்.
ஆளுக்கொரு மஞ்சள் சீட்டுக் கொடுத்து
உங்களுக்குப் பெரிதென்று படுவதை
ஒரே சொல்லில் எழுதுங்கள் என்றேன்.

டெங் எழுதினான்: துணிவு.
ஃபரிஷ்தா: அன்பு.
யதுசன், தொப்பியைக் கழற்றாமலே: நேர்மை.
பின்வரிசையில் ஒருத்தி பீட்சா என்று எழுதி
அதை வெட்டிவிட்டுக் குடும்பம் என்றாள்.

சுவரில் ஒட்டினோம். அழகாகத்தான் இருந்தது.
போன வருடத்துச் சொற்களும் அங்கேதான் இருந்தன,
பசை காய்ந்து, மூலை சுருண்டு.
ஹீட்டர் போட்டால் ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கும்.

அதனால் இந்தத் தடவை கேட்டேன்:
எத்தனை மணிக்கு?

சிரித்தார்கள். அன்புக்கு மணியா, மிஸ்?
பல் விளக்க இருக்கிறதே, என்றேன்.

டெங் நெடுநேரம் யோசித்தான்.
அறிவியல் வகுப்பில், மணி அடிக்குமுன்,
ஒரே ஒரு முறை கை தூக்குவேன்.
விடை தெரியாவிட்டால்?
தெரியாது என்று சொல்லத் தூக்குவேன்.

ஃபரிஷ்தா: இரவு ஒன்பது பத்து.
குளிர்பதனக் கிடங்குக்கு அப்பா வேலைக்குப் போகுமுன்
அவர் கையுறைகளை ஹீட்டர் மேல் வைப்பேன்.

யதுசன்: காலை ஏழு நாற்பத்திரண்டு, யாரமன் ஸ்டேஷன்.
தடுப்புக் கதவு இல்லை. பார்க்க ஆளும் இல்லை.
மைக்கி அட்டையைத் தட்டுவேன்.
அவ்வளவுதானா என்று யாரோ கேட்டார்கள்.
அவன் ஜன்னலைப் பார்த்தான்.

நானும் ஒரு சீட்டு எழுதினேன்: பொறுமை.
மாலை ஆறரை.
மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கும் நேரம்
குரலை உயர்த்துவதில்லை.

ஜூன் முழுக்க ஆளுக்கொரு கட்டத்தாள்.
டெங்கின் கை பன்னிரண்டு நாள் மேசைக்குக் கீழேயே இருந்தது.
பதின்மூன்றாம் நாள் எழுந்தது, ஆசிரியர் பார்க்கவில்லை.
அதற்குக் குறி போடலாமா என்று
இருபது நிமிடம் வழக்காடினோம்.
போடலாம் என்று தீர்ப்பானது.
ஃபரிஷ்தா ஒரு கையுறையைக் கருக்கிவிட்டாள்.
மறுநாளிலிருந்து ஹீட்டர் முன்னால் ஒரு நாற்காலி,
அதன் முதுகில் புதிய ஜோடி.

யதுசன் தாளை நீட்டினான்.
வியாழக்கிழமைக் கட்டம் வெறுமை.
'பிந்திட்டன் மிஸ். ரெயின் வந்திட்டுது.
ஓடி ஏறினான். தட்டேல்லை.'
ஒரு கோடு இழுத்திருக்கலாம்,
யாருக்குத் தெரியப்போகிறது.
அந்த எண்ணம் வந்தது எனக்குத்தான்,
அவன் முகத்தில் அது இல்லை.

என் தாள் என் பைக்குள் இருந்தது.
ஞாயிறு இரவு, ஒரே பேனாவில், ஒரே சாய்வில்
போட்ட ஏழு குறிகள்,
அணிவகுப்புக்கு வந்தவை போல.

எல்லோரும் போனபிறகு குழாயை இறுக்கினேன்.
நிற்கவில்லை. ஒழுகிற்று.
ஒழுக்கம் என்ற சொல்லும்
இந்த ஒழுகலிலிருந்துதானே வந்தது.
பிரம்போடு சேர்த்தே கற்றதால்
ஈரத்தை மறந்திருந்தேன்.
ஒரு சொட்டு.
பிறகு, நின்றேவிட்டது என்று நம்பும் அளவுக்கு
நீண்ட இடைவெளி.
பிறகு ஒரு சொட்டு.
யாரோ அடியில் மறந்து வைத்த தூரிகை டப்பா
விளிம்புவரை நிறைந்திருந்தது.

அன்று மாலை ஆறரைக்கு
மகள் சோற்றைப் பிசைந்தாள்.
உருண்டை பிடித்தாள். உருண்டைகளை வரிசையாய் அடுக்கினாள்.
ஆறு ஐம்பதுவரை தாங்கினேன்.
ஆறு ஐம்பத்தொன்றுக்குக் கத்தினேன்.

அவள் தூங்கியதும் தாளை விரித்து
பேனாவின் மூடியைத் திறந்தேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
மூடினேன்.